காதால் அடுக்க வேண்டிய சொற்கள்: ஓர் ஆங்கிலக் கையேட்டின் மதிப்புரை

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் முடிகிற சொற்களுள், விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்களை மட்டுமே கொண்ட அரிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் உச்சரிப்பும் பொருளும் தந்திருக்கும் ஒரு சிறு கையேட்டை, தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை நேர டியூஷனில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், திருமண அழைப்பிதழ்க் கடைகளுக்கும் காகித மொத்த வியாபாரிகளுக்கும் நடுவே உள்ள ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் இதை வாங்கினேன். 96 பக்கங்கள், விலை 80 ரூபாய். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கானது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். பதிப்பகத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. நூலில் உள்ள குறைகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது என்பதும், அவை அடுத்த பதிப்பில் எளிதாகத் திருத்தப்படக் கூடியவை என்பதும் அதற்குக் காரணம்.

நம் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் செய்யுளுக்குப் பின்னும் 'ரைமிங் வேர்ட்ஸ்' எடுத்தெழுதச் சொல்லும் கேள்வி வருகிறது. பிள்ளைகள் வரியின் கடைசிச் சொல்லைப் பார்த்து, எழுத்து ஒத்திருந்தால் எழுதிவிடுகிறார்கள்; பெரும்பாலும் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சொற்களின் பொருள் என்ன, அவை உண்மையிலேயே ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா என்று கேட்டால் பதில் வருவதில்லை. கடைகளில் கிடைக்கும் பிற பட்டியல் புத்தகங்கள் 'டே, சே, வே, பிளே' என்று, நூற்றுக்கணக்கான சொற்கள் உள்ள எளிய குடும்பங்களையே திரும்பத் திரும்பத் தருகின்றன. அவற்றை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே தெரியாது. இந்தக் கையேடோ நான்கைந்து சொற்களில் முழுமை பெற்றுவிடும் குடும்பங்களை எடுத்துக்கொள்கிறது. ஒரு மாலையில் ஒரு குடும்பத்தை முழுதாகக் கற்று முடித்துவிட்டோம், இனி இதில் மிச்சமில்லை என்ற நிறைவை ஒரு பிள்ளைக்குத் தருவது சாதாரணச் செய்தியன்று. நூலைத் தொகுத்தவரின் இந்தத் தேர்வை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஓ-ஐ-எஸ்-டி என்று முடியும் பக்கம் இதற்கு நல்ல சான்று. அன்றாடப் புழக்கத்தில் இந்த முடிவு கொண்ட ஓரசைச் சொற்கள் நான்குதான்: மாயிஸ்ட், ஹாயிஸ்ட், ஜாயிஸ்ட், ஃபாயிஸ்ட். முதலாவது ஈரப்பதம் உள்ளது என்று பொருள்படும். இரண்டாவதைச் சுதந்திர தினக் கொடியேற்றத்தின் வழியாக எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். ஆனால் கயிறும் கப்பியும் கொண்டு எதை மேலே தூக்கினாலும் அந்தச் சொல் பொருந்தும் என்பதைத் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவரின் மகனான ஒரு மாணவன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான். அப்பாவின் வாயில் தினமும் புழங்கும் சொல் அச்சுப் புத்தகத்தில் இருப்பதைக் கண்டதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தை, இந்தப் பக்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன். ஃபாயிஸ்ட் என்றால் ஒருவர் விரும்பாததை அவர் தலையில் கட்டுவது. இதற்கு நூல் தந்திருக்கும் 'திணித்தல்' என்னும் பொருளும் சரியானதே.

ஜாயிஸ்ட் என்பதில்தான் தொகுப்பாளர் வழுக்கியிருக்கிறார். 'மூட்டு' என்று போட்டிருக்கிறார்கள். ஜாயின்ட் என்ற வேறு சொல்லோடு குழம்பியிருக்க வேண்டும். ஜாயிஸ்ட் என்பது தரையையோ கூரையையோ தாங்குவதற்காகச் சுவருக்குச் சுவர் இடைவெளி விட்டு அடுக்கப்படும் சட்டம். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் பழைய வீடுகளுக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினால் இதைக் காணலாம். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாகச் செருகி அடுக்கிக் கட்டும் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையின் முதுகெலும்பே இந்தச் சட்டம்தான். வடசென்னைப் பிள்ளைக்கு இந்தச் சொல்லைக் காட்டிக் கொடுக்க வேறு படமே தேவையில்லை. அப்படியிருக்க, தவறான பொருளை மனப்பாடம் செய்ய வைப்பது வருத்தமளிக்கிறது.

யு-எல்-கே முடிவுள்ள பக்கம் குறையின்றி அமைந்திருக்கிறது. பல்க் என்றால் பருமன், மொத்த அளவு. சல்க் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உம்மென்று இருப்பது. ஸ்கல்க் என்றால் கண்ணில் படாமல் பதுங்கித் திரிவது. ஹல்க் என்றால் எந்திரமும் பாய்மரமும் கழற்றப்பட்டு வெறுங்கூடாக நிற்கும் பழைய கப்பல். கடைசிச் சொல்லுக்குப் பருத்த உருவம் என்ற பொருளும் உண்டு. கப்பற்கூடு என்ற மூலப்பொருளை முதலில் தந்து, பருத்த உருவத்தை அடுத்து வைத்திருப்பது அழகு. காசிமேட்டில் கரையேற்றி வைத்த பழைய விசைப்படகுகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த வரிசைதான் இயல்பாகப் புரிகிறது.

நூலின் பெருங்குறை உச்சரிப்பைக் காட்டும் முறையில் இருக்கிறது. ஏ-எல்-எம் முடிவுள்ள சொற்களை எடுத்துக்கொள்ளலாம். 'எல்' எழுத்தை ஒலிக்கக் கூடாது என்று பக்கத்தின் தலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, காம், சாம், குவாம் என்று சரியாகவே எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனால் உள்ளங்கையையும் பனையையும் குறிக்கும் சொல்லுக்கும் 'பாம்', வலிக்குத் தடவும் தைலத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் 'பாம்' என்று அச்சாகியிருக்கிறது. முன்னது ஆங்கில எழுத்து வரிசையில் 'ஓ'வை அடுத்து வரும் எழுத்தில், பின்னது 'ஏ'வை அடுத்து வரும் எழுத்தில் தொடங்குவன அல்லவா என்று பார்த்தால், தமிழில் அந்த இரண்டு எழுத்துகளின் பெயரைக்கூட வேறுபடுத்தி எழுத வழியில்லை என்பது விளங்கும். ஒன்று தொண்டை அதிராமல் காற்றை வெடித்து வெளியிடும் பகரம், பம்பரத்தின் முதலெழுத்து போல. மற்றது தொண்டை அதிரப் பிறக்கும் பகரம், பம்பரத்தின் நடுவில் மகரத்தை அடுத்து வருவது போல. இது போதாதென்று, சில பக்கங்கள் தள்ளி வெடிகுண்டைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே 'பாம்' நிற்கிறது. அதன் உயிரொலி குறுகியது, உதடு சற்றுக் குவிந்து பிறப்பது. தைலத்தின் உயிரொலியோ நன்றாக நீண்டு ஒலிப்பது. மூன்று வெவ்வேறு சொற்கள் ஒரே எழுத்துக் கோவையில் அடைபட்டுக் கிடக்கும்போது, ஆசிரியர் அருகில் இல்லாமல் படிக்கும் பிள்ளைக்கு அவை ஒரே சொல்லாகவே பதிந்துவிடும். அதிரும் பகரத்தின் அடியில் ஒரு கோடு இட்டிருந்தாலே போதும். முன்னுரையில் ஒரு வரியில் அதை விளக்கியிருக்கலாம்.

இதைவிட ஆழமான சிக்கல், சில பக்கங்களைக் காதால் கேட்டு அடுக்காமல் கண்ணால் பார்த்து அடுக்கியிருப்பது. ஓ-எம்-பி என்று முடிகிற நான்கு சொற்கள் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. கல்லறையைக் குறிக்கும் டூம், கருப்பையைக் குறிக்கும் வூம் ஆகிய இரண்டும் தம்முள் இயையும். சீப்பைக் குறிக்கும் கோம் என்பது வீட்டைக் குறிக்கும் ஹோம் என்பதோடு இயையுமே தவிர இவற்றோடு இயையாது. வெடிகுண்டு தனி வழி. நான்கையும் ஒரு குடும்பம் என்று அறிவிப்பது, இந்த நூல் எதற்காகத் தொகுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே எதிரானது. ஓ-ஐ-எஸ்-டி பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஈகோயிஸ்ட் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள்; தன்னலக்காரர் என்ற பொருள் சரி, ஆனால் அங்கே 'ஓ' வேறு, 'இஸ்ட்' வேறாகப் பிரிந்து ஒலிப்பதால் அது ஹாயிஸ்ட்டோடு சேராது. மாறாக, எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் முற்றிலும் ஒத்துப்போகும் வாய்ஸ்ட், ரிஜாய்ஸ்ட் என்னும் இறந்தகால வடிவங்கள் விடுபட்டிருக்கின்றன.

ஏ-ஆர்-எஃப் பக்கத்திலும் இதே கதைதான். சரக்கு இறக்கும் கப்பல்துறை மேடைக்கு உரிய வோர்ஃப், குள்ளரைக் குறிக்கும் ட்வோர்ஃப் ஆகியவற்றோடு, கழுத்தில் சுற்றும் ஸ்கார்ஃப் சேர்ந்து நிற்கிறது. தமிழில் நாம் வழக்கமாக எல்லாவற்றையும் 'ஆர்ஃப்' என்றே எழுதிவிடுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது. ஆங்கிலத்தில் டபிள்யூவின் ஒலியை அடுத்து ஏ-ஆர் வந்தால், அது பெரும்பாலும் 'ஆர்' என்று திறந்து ஒலிக்காமல் 'ஓர்' என்று குவிந்து ஒலிக்கும். போர் என்று பொருள்படும் சொல், வெதுவெதுப்பைக் குறிக்கும் சொல், தேனீக் கூட்டத்தைக் குறிக்கும் சொல் ஆகிய எல்லாவற்றிலும் இந்த விதி செல்லுபடியாகிறது. அதனால்தான் வெதுவெதுப்புக்கான சொல் வயலுக்கான ஃபார்ம் என்பதோடு இயையாமல், புயலுக்கான ஸ்டோர்ம் என்பதோடு இயைகிறது. இந்த ஒரு விதியை அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால் பிள்ளைகள் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு கூட்டத்தையே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

தொகுப்பாளருக்குக் காது இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஓ-யு-ஜி-எச் என்று முடியும் சொற்களுக்காக அவர் ஒதுக்கியிருக்கும் இரண்டு பக்கங்கள் இந்த நூலின் சிறந்த பகுதி. கரடுமுரடைக் குறிக்கும் ரஃப், உறுதியைக் குறிக்கும் டஃப், போதும் என்பதற்கான இனஃப் ஆகியவை ஒரு கட்டம்; இருமலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நீள் தொட்டியும் இன்னொரு கட்டம்; பிசைந்த மாவான டோ, இருந்தபோதிலும் என்னும் தோ ஆகியவை மூன்றாவது; ஊடாக என்று பொருள்படும் த்ரூ தனியே; மரக்கிளைக்கான பௌ, ஏருக்கான ப்ளௌ ஆகியவை ஐந்தாவது. எழுத்து ஒன்றாகவே இருந்தும், ஒலியைக் கொண்டு ஐந்தாகப் பிரித்திருக்கிறார். அந்த ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசிப் பிறந்த ஓர் ஒலியாக இருந்தது. பின்னர் அது சில சொற்களில் 'ஃப்' ஆக மாறியது, சிலவற்றில் சுவடே இல்லாமல் மறைந்தது, எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது என்ற விளக்கத்தையும் சேர்த்திருந்தால் பக்கம் முழுமை பெற்றிருக்கும். இவ்வளவு நுட்பமாகக் கேட்கத் தெரிந்தவர் சீப்பையும் கல்லறையையும் ஒன்றாக அடைத்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

பொருள் தருவதில் இன்னும் இரண்டு இடங்களைச் சுட்ட வேண்டும். குவாம் என்பதற்கு 'அமைதி' என்று போட்டிருக்கிறார்கள். அது காம் என்பதன் பொருள். குவாம் என்றால் ஒரு செயலைச் செய்யும்போது மனசாட்சி உறுத்துவது, உள்ளுக்குள் எழும் தயக்கம். கிட்டத்தட்ட எதிர்ப்பொருளே வந்துவிட்டது. சாம் என்பதற்கு வெறுமனே 'பாடல்' என்று இருக்கிறது. அந்த வரியை வாசித்ததும் ராயபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி கை தூக்கி, "மிஸ், அது சங்கீதம், பைபிள்ல இருக்கு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கத்தோலிக்கப் பிள்ளை, "நாங்க திருப்பாடல்னு சொல்வோம் மிஸ்" என்றாள். இரண்டும் சரி, இரண்டையும் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். புனித ராயப்பரின் பெயரால் அமைந்த ஒரு பேட்டையில் விற்கப்படக்கூடிய நூலில் இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் போயிருக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பனி மூடிய புல்வெளிகளையும் குதிரை வண்டிகளையும் சுற்றியே வருகின்றன. அவற்றில் தவறு இல்லை; ஆனால் நம் பிள்ளைகளின் கண்ணெதிரே இருக்கும் ஊரிலேயே இந்த அரிய முடிவுகள் குவிந்து கிடக்கின்றன என்பதால் நானே வேறு வாக்கியங்கள் எழுதித் தருகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் அழைக்கப்படும் ஜார்ஜ் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரின் பெயரோடு இயையும் சொற்கள் மிகக் குறைவு: கொல்லரின் உலைக்களத்தையும், கள்ளக் கையெழுத்திடுவதையும் குறிக்கும் ஃபோர்ஜ்; செங்குத்தான மலையிடுக்கையும், வயிறு முட்டத் தின்பதையும் குறிக்கும் கோர்ஜ்; அதிலிருந்து கிளைத்த, உள்ளே போனதை வெளியே கக்குவதற்கான டிஸ்கோர்ஜ். நாம் ஜார்ஜ் என்று ஆகாரத்தில் சொன்னாலும் ஆங்கில ஒலி ஓகாரத்தை ஒட்டியது என்பதை இந்தக் கூட்டாளிகளே காட்டிக்கொடுக்கிறார்கள். அதேபோல் பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டி பார்ஜ் என்ற தட்டையடிச் சரக்குப் படகைச் சொன்னால், சார்ஜ், லார்ஜ் இரண்டும் தாமாக வந்து சேர்ந்துகொள்கின்றன. 1806-ல் வெட்டத் தொடங்கி, 1878-ல் இன்றைய பெயரைப் பெற்ற அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் போய்க்கொண்டிருந்த காலத்தைத் தாத்தாக்களிடம் கேட்டு வரும்படி சொன்னால் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்டு வருகிறார்கள். யு-டி-ஜி-இ பக்கத்தில் கசடு என்னும் பொருளுள்ள ஸ்லட்ஜ் வருகிறது. கொடுங்கையூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சொன்ன பிறகு அதை யாரும் மறந்ததில்லை. முழங்கையால் மெல்ல இடித்துச் சாடை காட்டும் நட்ஜ், மனத்தில் வைத்துக் கறுவும் கிரட்ஜ், கால்களை இழுத்து இழுத்து நடக்கும் டிரட்ஜ், மை ஈஷிக்கொள்ளும் ஸ்மட்ஜ் ஆகியவை அதே பக்கத்தில் சரியான பொருளோடு இருக்கின்றன. யு-எம்-பி பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் குறிக்கும் பிளம் என்னும் சொல்லைச் சேர்த்ததும் நல்ல காரியம். அதன் ஈற்றெழுத்து ஊமை என்பதையும் குறித்திருக்கிறார்கள்.

கடைசி அத்தியாயம் துணையே இல்லாத சொற்களுக்கு உரியது. ஆரஞ்ச், சில்வர், பர்ப்பிள், மன்த் ஆகிய நான்கையும் தந்து, இவற்றோடு இயையும் சொல் ஆங்கிலத்தில் அறவே இல்லை என்று முடித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான நூலில் இப்படி ஓர் அத்தியாயம் வைத்த துணிவு பெரிது. ஆனால் 'அறவே இல்லை' என்பது மிகை. பெரிய அகராதிகளைப் புரட்டினால் பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் சில்வர் என்று, சகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு பழஞ்சொல் வெள்ளிக்குத் துணையாகக் கிடைக்கிறது. ஊதா நிறத்துக்கு, நொண்டி நடத்தலைக் குறிக்கும் ஹர்ப்பிள் இருக்கிறது. குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் கர்ப்பிளும் இருக்கிறது. ஆரஞ்சுக்கு வேல்ஸ் நாட்டில் பிளாரஞ்ச் என்று ஒரு மலையே நிற்கிறது. மாதம் ஒன்றுதான் இவற்றுள் உண்மையாகவே தனித்து நிற்பது. இதைப் பலகையில் எழுதிய மாலையில் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை; வேறு எந்தச் சொல்லுக்குத் துணை இல்லை என்று அவர்களே தேடிக்கொண்டிருந்தார்கள்.

முன்னுரை ஒரு பக்கம் மட்டுமே, அதுவும் பொதுவான அறிவுரைகள். அந்த இடத்தில் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நம் மரபில் எதுகை சொல்லின் இரண்டாம் எழுத்தில் அமைகிறது; ஆங்கிலத்து ஒப்புமை சொல்லின் கடைசியில் அமைகிறது; நம் யாப்பில் அதற்கு நெருங்கிய உறவு இயைபு. தொல்காப்பியமே இயைபைச் சொல்லியிருக்கிறது. கானா கேட்டு வளரும் வடசென்னைப் பிள்ளைகளின் காதில் அது ஏற்கெனவே ஊறியிருக்கிறது. ஒலி ஒப்புமையைக் கொண்டு சொற்களை அடுக்குவதும் நமக்குப் புதிதன்று: மண்டல புருடர் தம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் பல்பொருள் ஒருசொற்களை ககர எதுகை தொடங்கி எதுகை முறையில்தான் வரிசைப்படுத்தினார். ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் 1775-ல் வெளியிட்ட அகராதி, சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தால், பிள்ளைகள் இதை அந்நியமான ஒரு பயிற்சியாகக் கருதாமல் தங்களுக்குத் தெரிந்த ஒன்றின் மறுபக்கமாகவே கண்டிருப்பார்கள்.

அச்சு தெளிவு, தமிழ் எழுத்துரு கண்ணை உறுத்தாத அளவில் இருக்கிறது. நடுவில் இரண்டு பின் மட்டும் அடித்திருப்பதால் மாதக்கணக்கில் புரட்டினால் நடுத்தாள்கள் கழன்று வருகின்றன. வாங்கியவுடன் ஓரத்தில் நூல் கொண்டு தைத்துவிடுவது நல்லது. தனியே படித்துக்கொள்ளட்டும் என்று பிள்ளையின் கையில் கொடுத்துவிட நினைக்கும் பெற்றோருக்கு இந்தப் பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கில ஒலி அறிந்த ஓர் ஆசிரியரோ, கல்லூரியில் படிக்கும் அக்காளோ அண்ணனோ அருகில் உட்கார்ந்து, மேலே சொன்ன இடங்களைப் பேனாவால் திருத்திவிட்டுச் சொல்லித் தர முடியுமென்றால், 80 ரூபாய்க்கு இதைவிடப் பயனுள்ள ஆங்கிலப் புத்தகம் பாரிமுனைக் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. திருத்தப் பட்டியல் ஒன்றைக் கடைக்காரர் மூலம் பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மறுபதிப்பு வரும்போது முதலில் ஏ-எல்-எம் பக்கத்தையும் ஓ-எம்-பி பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.